ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம்: மிஞ்சிய உணவை உறையவைக்கும் முறை

மிஞ்சிய குழம்பைப் பெரிய டப்பாவில் ஊற்றி ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டால் அதைக் காப்பாற்றிவிட்டோம் என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. இரண்டு லிட்டர் குழம்பு ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கும்போது, ஒருவர் மட்டும் சாப்பிட வேண்டிய இரவில் அதை யார் எடுப்பார்கள்? உடைக்கவும் முடியாது; முழுவதையும் உருக்கினால் மறுபடியும் மிஞ்சும். அதனால் அது அங்கேயே கிடக்கும். சில மாதங்கள் கழித்து ஃப்ரீசரைத் துடைக்கும் நாளில் குப்பைக்குப் போகும். அன்றே கொட்டியிருக்க வேண்டியதை, இத்தனை நாள் மின்சாரமும் செலவழித்துவிட்டுத் தாமதமாகக் கொட்டுகிறோம்.

ஆகவே ஃப்ரீசர் கதவைத் திறப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதை யார், எந்த வேளைக்குச் சாப்பிடப் போகிறார்கள்? பதில் தெரிந்தால் பொட்டலத்தின் அளவு தானாகவே தெரிந்துவிடும். பதில் தெரியாத உணவை நான் உறையவைப்பதில்லை. அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன், அல்லது மறுநாள் காலையில் வேறொன்றாக மாற்றிச் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரவு ஏழு மணிக்கே ஒரு சிறு கிண்ணம் சோறும் இரண்டு கரண்டி பருப்பும் போதும் அவருக்கு. மகள் வேலை முடிந்து பத்து மணிக்கு மேல் வருவாள். நல்ல பசியோடு வருவாள். பாட்டி சாப்பிடுவதைப் போல இரண்டு பங்கு, சில நாள் மூன்று பங்குகூடச் சாப்பிடுவாள். நான் மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிக்கொண்டு போகிறவள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது விடுமுறை நாட்களில்தான். இப்படிப்பட்ட வீட்டில் கணக்காகச் சமைப்பது எளிதில்லை. எவ்வளவு கவனமாக அளந்து போட்டாலும் ஒருவர் "இன்று பசியில்லை" என்று சொல்லிவிட்டால் ஒரு பங்கு மிஞ்சும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணாதல் குறியீட்டு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. கடைகளும் உணவகங்களும் சேர்ந்துதான் மீதி. தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ, வீட்டுச் சமையலறைகளிலிருந்து மட்டும். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு வருத்தமும் வந்தது, தெம்பும் வந்தது. வீட்டில் வீணாவதை வீட்டிலேயே நிறுத்தலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பரிமாறும் முன்பே பிரித்துவிடுங்கள்

சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரத்தின் அடியில் கிடப்பதை எடுத்து வைப்பதைத்தான் பொதுவாகச் செய்கிறோம். நான் அதை மாற்றிக்கொண்டேன். அடுப்பை அணைத்ததும், யாரும் கரண்டி போடுவதற்கு முன்பே, மிஞ்சும் என்று தெரிந்த பங்கைத் தனியாக எடுத்துவிடுகிறேன். வாயில் வைத்த கரண்டியும், தட்டிலிருந்து திரும்பிய பருக்கையும் அதில் படாது. சாப்பாட்டு மேசையில் மணிக்கணக்கில் திறந்து கிடக்கவும் கிடக்காது.

இதில் சுத்தம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றைப் பெருகவிடாமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். உருகியதும் அவை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். எந்த நிலையில் உள்ளே போகிறதோ அதே நிலையில்தான் உணவு வெளியே வரும். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். சமைத்த உணவு அந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் சுடும் நாளில் ஒரு மணி நேரம்தான். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வைத்திருந்து, இனி யாரும் தொடமாட்டார்கள் என்று தோன்றிய பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: முதல் நாளே முடிவெடுங்கள். சமைத்த அன்று உறையவைத்தால் சமைத்த அன்றைய சுவை கிடைக்கும். நான்காம் நாள் உறையவைத்தால் நான்காம் நாள் பழையதுதான் கிடைக்கும்.

அதற்காகக் கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பொட்டலங்கள் மேலாக உருகி மறுபடி இறுகும். அவற்றின் சுவை கெடும். பெரிய பாத்திரத்தை அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். அவசரமென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் இறக்கி, கொஞ்சம் ஐஸ் போட்டு, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருங்கள். கால் மணி நேரத்தில் பெருமளவு சூடு இறங்கிவிடும். பிறகு பங்கு போட்டு நேராக ஃப்ரீசருக்கு.

பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது

கிராம் கணக்கும் தராசும் இதற்குத் தேவையில்லை. உங்கள் வீட்டில் பரிமாறும் கரண்டியே போதும். ஒரு வாரம் கவனியுங்கள்: யார் எத்தனை கரண்டி போட்டுக்கொள்கிறார்கள், எத்தனை தடவை மறுபடி கேட்கிறார்கள். அதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் அம்மாவுக்குப் பருப்பு இரண்டு கரண்டி, மகளுக்கு நான்கு, எனக்கு மூன்று என்று இருக்கிறது. குழம்புக்கும் சோற்றுக்கும் தனித்தனி வரி. இதுதான் எங்கள் ஃப்ரீசரின் அளவுகோல்.

பொட்டலத்தில் நான் ஆள் பெயரையே எழுதுகிறேன். "அம்மா – பருப்பு", "மகள் – கோழிக் குழம்பு" என்று. இரவு நான் தூங்கிவிட்டாலும் மகள் தன் பெயர் போட்டதை எடுத்துச் சூடாக்கிக்கொள்வாள். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அம்மாவின் பொட்டலத்தில் காரம் போடுவதற்கு முன் எடுத்த பங்கு இருக்கும், காய்கள் கொஞ்சம் குழைந்திருக்கும். தனக்கென்று எடுத்துவைத்த உணவு என்றால் பழையது என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. அந்தப் பெயரே அதைச் சாப்பிட வைக்கிறது.

குடும்பம் முழுவதற்கும் போதுமான அளவில் ஒரே பொட்டலமாகக் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். சின்னதாகவே கட்டுங்கள். இரண்டு சின்னப் பொட்டலங்களை ஒன்றாகச் சூடாக்க எப்போதும் முடியும். ஒரு பெரிய பொட்டலத்தைப் பாதியாக்க எல்லா நேரமும் முடியாது. ஒரு பங்கை மட்டும் எடுத்தால் அதை ஒரே தடவை சூடாக்கி முடித்துவிடலாம். மறுபடி ஃப்ரிட்ஜ், மறுபடி அடுப்பு என்று அலைக்கழிக்காமல் இருப்பது சுவைக்கும் வயிற்றுக்கும் நல்லது.

சாப்பாடாக ஆகாமல் பொருளாகவே மிஞ்சுவதற்கும் இதே வழிதான். அங்கே ஆளுக்குப் பதில் சமையல்தான் அளவு. ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையா? நீங்கள் வழக்கமாக ஒரு தடவை சமைக்கும்போது எத்தனை கிண்ணம் போடுவீர்களோ அத்தனை கிண்ணம் ஒரு பொட்டலம். அரைத்த தக்காளி, இஞ்சிப் பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, எலும்போ காயோ வேகவைத்த சாறு, இவற்றுக்கு ஐஸ் ட்ரே. ஆனால் உங்கள் ட்ரேயின் ஒரு குழி எவ்வளவு கொள்ளும் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள்: மேசைக்கரண்டியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி. இரண்டு கொள்ளும் குழியாக இருந்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு அதில் சரியாக நிற்கும். பிறகு "இந்தச் சமையலுக்கு மூன்று தக்காளிக் கட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கட்டிகள் இறுகியதும் ட்ரேயிலிருந்து கழற்றிப் பையில் போட்டு மூடுங்கள். ட்ரேயிலேயே திறந்து கிடந்தால் காய்ந்து, பக்கத்துப் பொருளின் வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

தட்டையான பை

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜிப் வைத்த பையை எடுத்து, ஒன்றும் ஊற்றுவதற்கு முன்பே பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். நிறைந்த பையின் மீதும் ஈரப் பையின் மீதும் மார்க்கர் ஓடாது. பிறகு பையின் வாயை வெளிப்பக்கமாக மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, உயரமான டம்ளர் ஒன்றின் விளிம்பில் மாட்டுங்கள். இப்போது பை தானாக வாய் திறந்து நிற்கும், ஜிப் இருக்கும் பகுதியில் குழம்பு படாது. ஜிப்பில் ஒரு துளி எண்ணெயோ ஒரு பருப்போ சிக்கினாலும் அது முழுதாக மூடாது என்பதால் இந்த மடிப்பு முக்கியம். கரண்டிக் கணக்கில் ஊற்றிவிட்டு மடிப்பை நிமிர்த்துங்கள். ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு விட்டு மற்றதை மூடுங்கள். பையைத் தட்டில் படுக்கவைத்து, அடியிலிருந்து திறந்த மூலையை நோக்கி உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். காற்று முழுவதும் வெளியேறிக் குழம்பு மூலைக்கு வரும் அந்த நொடியில் மூடிவிடுங்கள்.

பை இப்போது ஒரு விரல் கனத்துக்குப் பரவிக் கிடக்கும். அதன்மேல் ஒரு குச்சியையோ அளவுகோலையோ வைத்து அழுத்தி, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று எனக் கோடு போடுங்கள். அந்த இடத்தில் குழம்பு விலகிப் பள்ளம் விழும். அப்படியே தட்டோடு ஃப்ரீசரில் வையுங்கள். இறுகிய பிறகு கோட்டின் மேல் வளைத்தால் டக்கென்று உடையும். அம்மாவுக்குக் கால் பங்கு வேண்டுமென்றால் கால் பங்கை ஒடித்துக்கொண்டு, மீதியைக் காற்றை அழுத்தி மூடித் திரும்ப வைத்துவிடலாம். அரைத்த விழுது, தக்காளிக் குழம்பு, மசித்த பருப்பு, கொத்திய இறைச்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தட்டையாக வைப்பது இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமல்ல. உணவில் உள்ள நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாவது மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில். அந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் பெரிய பெரிய பனிப் படிகங்கள் வளர்ந்து காயின், இறைச்சியின் திசுக்களைக் கிழித்துவிடும்; உருகும்போது நீர் ஒழுகித் தொளதொளவென்று ஆகும். வேகமாகக் கடந்தால் படிகங்கள் நுண்ணியவையாக நின்றுவிடும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், வட அமெரிக்காவின் கடுங்குளிர்ப் பகுதியான லாப்ரடாரில் 1910களில் வாழ்ந்தபோது, இனுயிட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் அந்தக் குளிர்காற்றில் உடனடியாக உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதியதைப் போலவே இருப்பதையும் கவனித்தார். 1920களில் அவர் உருவாக்கிய முறை, உணவுப் பொட்டலத்தைக் கடுங்குளிர் உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி வேகமாக உறையவைப்பது. நம் வீட்டில் அவ்வளவு குளிர் கிடைக்காது. ஆனால் மெல்லிய பொட்டலமும் அதற்கு அடியில் ஓர் எவர்சில்வர் தட்டும் அதே வேலையைத் தம்மால் இயன்ற அளவுக்குச் செய்கின்றன. புதுப் பொட்டலங்களை முதல் நாள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். இறுகிய பின் அவற்றைப் புத்தகங்களைப் போல ஒரு நீளப் பெட்டியில் நிற்கவைத்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் தெரியும்.

காற்றை ஏன் இவ்வளவு விரட்டுகிறேன் என்றால், ஃப்ரீசரின் வறண்ட காற்று உணவின் மேற்பரப்பிலுள்ள பனிக்கட்டியை நேரே ஆவியாக்கிவிடும். அங்கங்கே வெளுத்து, நார்போல் காய்ந்த திட்டுகள் தெரிவது அதனால்தான். அதைச் சாப்பிட்டால் தீங்கில்லை, ஆனால் சுவையிருக்காது. சுவையில்லாததை யாரும் சாப்பிடமாட்டார்கள். இறைச்சித் துண்டுகளைப் போல மேடுபள்ளமான உணவென்றால், பையின் வாயை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றிவிடும். டப்பா பயன்படுத்துகிறவர்கள் இதற்கு நேர்மாறாக ஓர் இடைவெளி விட வேண்டும்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடி ஜாடி விரிசல் விடும். இரண்டு விரல் இடைவெளி விட்டு, தோள் வளையாத நேரான ஜாடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு

சோற்றுக்குத் தனி மரியாதை வேண்டும். பச்சரிசியோ புழுங்கலோ, அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாகாது. சோறு சூடாறி வெளியே கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே காலையில் வடித்த சோறு மாலைவரை பாத்திரத்தில் இருந்தால், அது ஃப்ரீசருக்குரியதல்ல. மிஞ்சும் என்று தெரிந்ததும் அகலத் தட்டில் பரப்பி, கட்டி உடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த சோறு ஏன் விறைத்துக் கற்களைப் போலாகிறது என்று கேட்பவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுக்கமாக அடுக்கிக்கொள்கிறது. அது மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் வெப்பநிலையில். உறைந்த பிறகு அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதனால் சோறு ஃப்ரிட்ஜில் தங்காமல் நேரே ஃப்ரீசருக்குப் போனால் மென்மை மிஞ்சும். ஒரு பங்கை அழுத்தாமல், தளர்வாக, தட்டையாகக் கட்டுங்கள். எடுக்கும்போது உருகவிட வேண்டாம். உறைந்தபடியே கிண்ணத்தில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஆவியிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் இறுகிய மாவுச்சத்து மறுபடி தளரும். மகளுக்கு நான் கட்டும் சோறு இப்படித்தான் இரவு பத்தரை மணிக்கு அன்று வடித்ததைப் போலத் தட்டுக்கு வருகிறது.

ரொட்டிக்கும் இதே காரணம், இதே வழி. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். துண்டுகளாக்கி உறையவைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேரே வாட்டுங்கள்.

எவை ஒத்துவராது, எவை எதிர்பாராமல் ஒத்துவரும்

குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு உறைந்து உருகியபின் மணல்போல் உதிரும். உறையவைப்பதற்கு முன் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அல்லது மசித்துவிடுங்கள். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். வெள்ளரி, பச்சைக் கீரைக் கலவை போன்றவற்றை நினைத்தே பார்க்க வேண்டாம். தயிரும் பாலாடையும் சேர்த்த குழம்பு திரிந்துபோகும், எனவே அவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே பங்கு எடுத்துவிட்டு, சூடாக்கும்போது புதிதாகச் சேர்ப்பது நல்லது. பொரித்தவை மொறுமொறுப்பை இழக்கும். ஓட்டோடு முட்டையை வைத்தால் வெடிக்கும். உடைத்து அடித்து வைக்கலாம்.

மாறாக, தக்காளி நிறைய இருந்தால் கழுவித் துடைத்து முழுதாகவே போட்டுவிடலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் கையோடு கழன்று வந்துவிடும், கொதிநீரில் போட்டு உரிக்கும் வேலை மிச்சம். கனிந்துபோன வாழைப்பழத்தை உரித்து, வில்லைகளாக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி இறுகவைத்துப் பிறகு பையில் போடுங்கள். முதலில் பரப்பி வைப்பதால் கைப்பிடிக் கணக்கில் எடுக்க முடியும். பச்சைப் பட்டாணி, பீன்ஸ் முதலிய பச்சைக் காய்களைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஈரம் துடைத்து இப்படியே செய்யலாம். கொதிநீர் காயிலுள்ள நொதிகளை அடக்குகிறது. இல்லாவிட்டால் உறைந்த நிலையிலும் அவை மெல்ல மெல்ல நிறத்தையும் சுவையையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். வெங்காயத்துக்கு இது வேண்டாம், நறுக்கி அப்படியே வைக்கலாம். கொத்தமல்லி, புதினா போன்ற தழைகளை நறுக்கி ஐஸ் ட்ரேயில் இட்டுத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைத்தால் வாசனை நிற்கும், துவையலுக்கும் குழம்புக்கும் போதும்; மேலே தூவுவதற்கு உதவாது.

எங்கள் ஃப்ரீசரில் எப்போதும் ஒரு பை "காய்த் துண்டு" என்ற பெயரோடு இருக்கும். கேரட் முனை, வெங்காயத்தின் வெளியடுக்கு, தழைகளின் தண்டு, காளான் காம்பு எல்லாம் கழுவி அதில் சேரும். பை நிரம்பியதும் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல சாறு கிடைக்கும். முட்டைக்கோஸ் வகைகளை மட்டும் சேர்ப்பதில்லை. கொதிக்கக் கொதிக்கக் கடுத்த வாடை வந்துவிடும்.

எவ்வளவு நாள், எந்த ஃப்ரீசர்

மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருக்கும் உணவு பாதுகாப்பு விஷயத்தில் கெடுவதில்லை. ஆனால் சுவை இறங்கிக்கொண்டே வரும். சமைத்த உணவை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். கொழுப்பு நிறைந்த மீனும் இறைச்சியும் இன்னும் சீக்கிரம். கொழுப்பு குளிரிலும் காற்றோடு சேர்ந்து சிக்கெடுக்கும்.

உங்கள் பெட்டி எந்த அளவு குளிரும் என்பதைப் பாருங்கள். சில ஃப்ரிட்ஜ்களில் நட்சத்திரக் குறிகள் இருக்கும்: ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் உறைந்த உணவை ஒரு வாரம், இரண்டு நட்சத்திரத்தில் ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதுபோன்ற பெட்டி உள்ளவர்கள் மாதக்கணக்கில் சேமிக்கும் ஆசையை விட்டுவிட்டு, இந்த வாரம் மிஞ்சியதை அடுத்த வாரத்துக்குள் சாப்பிடும் திட்டம் போட்டால் போதும்.

தேதியில்லாத பொட்டலம் யாருக்கும் நம்பிக்கை தராது. நான் எழுதுவது நான்கு: என்ன, யாருக்கு, எத்தனை கரண்டி, எந்தத் தேதி. கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே போவதை எழுதி, வெளியே வருவதை அடித்துவிடுகிறோம். தாளைப் பார்த்துவிட்டுத்தான் இரவுக்கு என்ன என்று முடிவெடுப்போம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தேடும் வேலை இல்லை.

வெளியே எடுக்கும்போது

நாளை வேண்டியதை இன்று இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் மூடிய பையைக் குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். தட்டையான பை விரைவிலேயே இளகிவிடும். குழம்பும் சாறும் உறைந்தபடியே பாத்திரத்தில் போய்ச் சிறு தீயில் உருகலாம். சமையல் மேடையில் நாள் முழுவதும் உருகவிடுவது மட்டும் கூடாது: நடுவில் கட்டியிருக்கும்போதே ஓரம் கிருமிகளுக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிடும். சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், குழம்பு நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், சோற்றின் நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது, பாதியில் ஒருமுறை கிளறுங்கள்.

ஃப்ரிட்ஜிலேயே உருகிய உணவை மனம் மாறினால் மறுபடி உறையவைக்கலாம், சுவை கொஞ்சம் குறையும். தண்ணீரில் உருகியதை உடனே சமைத்துவிட வேண்டும். பச்சையாக உறைந்த இறைச்சியை உருக்கிச் சமைத்தபின் மிஞ்சினால், அந்தச் சமையலைத் தாராளமாக உறையவைக்கலாம்.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வீட்டில் ஆளில்லாத நாளில் மின்சாரம் போய் வந்ததா என்பதை அறிய, ஒரு சிறு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி இறுகியிருக்கிறது என்று பொருள். சமைத்த உணவை அப்போது கொட்டத்தான் வேண்டும். மேலேயே இருந்தால் பயமில்லை. பனித் துகள் இன்னும் தெரியும் பொட்டலத்தை மீண்டும் உறையவைக்கலாம். வாசனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், நோய் தரும் கிருமிகள் எல்லாம் வாடை தருவதில்லை.

வாரத்தில் ஓர் இரவு எங்கள் வீட்டில் புதிதாக எதுவும் சமைப்பதில்லை. கதவுத் தாளைப் பார்த்து, பழைய தேதியிலிருந்து அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாள் வேறொன்றையும் காட்டும்: எது தொடர்ந்து மிஞ்சுகிறது என்பதை. ஒரே பெயர் அடுத்தடுத்து மூன்று வரியில் இருந்தால், நான் அளவுக்கு மேல் சமைக்கிறேன் என்று பொருள். கடந்த மாதம் அது பருப்பாக இருந்தது. இப்போது அரை டம்ளர் குறைத்துத்தான் வேகப்போடுகிறேன்.